ஷட்டர் திறந்தாயிற்று, தண்ணீர் வந்ததா? கணினியில் சொந்தச் சேவை எழுதப் பழகுவோருக்கு

நீடாமங்கலத்தில் என் மாமா உரக்கடை வைத்திருக்கிறார். யூரியா, டிஏபி, பொட்டாஷ், விதைநெல் எல்லாம் நடவு நேரத்தில் கடனாகப் போகும். அறுவடை முடிந்ததும் பணம் வரும். பல வருடங்களாக நோட்டில் இருந்த அந்தப் பற்று வரவை மடிக்கணினிக்கு மாற்றித் தரும்படி கேட்டார். பள்ளியில் படித்தபோது அவர் மகளுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று வீட்டில் சும்மா இருந்தது. அதில் டெபியன் இயங்குதளத்தை நிறுவி, பைத்தானில் ஒரு சிறிய கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். கடையின் வைஃபையில் இருக்கும் எந்த ஃபோனிலும் அந்தக் கணக்கு ஒரு வலைப்பக்கமாகத் திறக்கும்.

இரண்டாம் நாளே கரண்ட் போனது. மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் அதுவும் அணைந்தது. கரண்ட் வந்ததும் மாமா பொத்தானை அழுத்தினார், கணினி திறந்தது, ஆனால் கணக்கு வரவில்லை. கும்பகோணத்தில் இருந்த எனக்கு ஃபோன் செய்து, "மாப்பிள்ளை, கணக்குப் பக்கம் திறக்கவில்லை, கடையில் ஆள் நிற்கிறார்கள்" என்றார். காரணம் எளிது. நிரலை முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரையில், கட்டளை தட்டி நானே கையால் ஓடவிட்டிருந்தேன். இப்போது அதை ஓடவிட அங்கே யாரும் இல்லை.

மனிதக் கை தேவைப்படாமல், கணினி திறக்கும்போதே தானும் எழுந்து, பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலைத்தான் சேவை என்கிறோம். உங்கள் மடிக்கணினியில் இப்போதே பல சேவைகள் ஓடுகின்றன. வைஃபையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சேவை, அச்சு இயந்திரத்துக்குக் காத்திருப்பது ஒரு சேவை, கடிகாரத்தைச் சரிசெய்வது இன்னொன்று. நம் நிரலையும் அந்த வரிசையில் சேர்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கணினி திறக்கும்போது இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் முதலில் ஒரே ஒரு நிரலைத் தொடங்கும். அதன் எண் 1. மற்ற எல்லாவற்றையும் எழுப்புவது அந்த முதல் நிரலின் பொறுப்பு. டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற பெரும்பாலான லினக்ஸ் இயங்குதளங்களில் அந்த இடத்தில் இருப்பது சிஸ்டம்டி. லென்னார்ட் போயட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010ஆம் ஆண்டு தொடங்கிய மென்பொருள் இது. ஃபெடோரா 2011ஆம் ஆண்டிலும், டெபியன் 2015ஆம் ஆண்டு வெளிவந்த தன் 8ஆம் பதிப்பிலும் இதை இயல்பாக ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்பு ஒவ்வொரு சேவைக்கும் ஒரு நீண்ட ஷெல் நிரலை எழுதி, எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவார்கள். சிஸ்டம்டி வந்தபோது கட்டற்ற மென்பொருள் உலகத்தில் பெரிய வாதம் நடந்தது. ஒரே மென்பொருள் இத்தனை வேலைகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டவர்கள் டெவுவான் என்ற தனி இயங்குதளத்தையே உருவாக்கினார்கள். குனு திட்டத்தின் கைக்ஸ் இயங்குதளமும் சிஸ்டம்டியை எடுத்துக்கொள்ளாமல் ஷெப்பர்ட் என்ற வேறொன்றை வைத்திருக்கிறது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் கையில் இருக்கப்போவது பெரும்பாலும் சிஸ்டம்டிதான் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சிஸ்டம்டியில் ஒரு சேவை என்பது ஒரு சிறிய உரைக்கோப்பு, அவ்வளவுதான். எந்தத் திருத்தியிலும் திறந்து படிக்கலாம். நாம் எழுதும் கோப்புகளுக்கென்று ஓர் இடம் இருக்கிறது: எட்ஸி கோப்புறை, அதற்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம். அங்கே கணக்கு என்று பெயரிட்டு, பெயருக்குப் பின் ஒரு புள்ளியும் சர்வீஸ் என்ற சொல்லும் சேர்த்து ஒரு கோப்பை உருவாக்கினேன். இந்தச் சொற்களை நான் தமிழ் எழுத்தில் எழுதினாலும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

கோப்புக்குள் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றின் தலைப்பும் சதுர அடைப்புக்குறிக்குள். முதலாவது யூனிட்: இந்தச் சேவை என்ன, யாருக்குப் பிறகு எழ வேண்டும் என்பது இங்கே வரும். இரண்டாவது சர்வீஸ்: எந்த நிரலை, யாருடைய பெயரில், எப்படி ஓடவிடுவது. மூன்றாவது இன்ஸ்டால்: கணினி திறக்கும்போது எந்தக் கட்டத்தில் இதை எழுப்புவது. இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை என்று எழுதி, சமக்குறி போட்டு, மல்டி-யூசர் டார்கெட் என்று கொடுத்தால் பெரும்பாலான சேவைகளுக்குப் போதும். யாரும் உள்நுழையாவிட்டாலும் கணினி வேலைக்குத் தயாராகும் கட்டம் அது.

சர்வீஸ் பகுதியின் உயிர் எக்ஸெக்ஸ்டார்ட் என்ற வரி. ஓடவேண்டிய கட்டளை இங்கே வருகிறது. புதியவர்கள் முதலில் இடறி விழும் இடமும் இதுதான். முனையத்தில் சரியாக ஓடிய அதே கட்டளை இங்கே ஓடாமல் போகலாம். ஏனென்றால் முனையத்தில் உங்களுக்கும் நிரலுக்கும் நடுவில், தட்டும் கட்டளையைப் படித்து ஓடவிடும் ஷெல் என்ற நிரல் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறியை விரித்துச் சொல்வதும், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுப்பதும், நீங்கள் அமைத்து வைத்த பாதைகளை நினைவில் வைத்திருப்பதும் அந்த ஷெல்தான். சிஸ்டம்டி நிரலை நேரடியாக ஓடவிடுகிறது. நடுவில் ஷெல் கிடையாது. ஆகவே பைத்தான் எங்கே இருக்கிறது, நிரல் எங்கே இருக்கிறது என்று வேர்க் கோப்புறையிலிருந்து முழுப் பாதையையும் எழுதுங்கள். நிரல் எந்தக் கோப்புறையில் நின்று வேலை செய்ய வேண்டும் என்பதையும் வொர்க்கிங்டைரக்டரி என்ற வரியில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது வேர்க் கோப்புறையில் நின்றுகொண்டு உங்கள் கோப்புகளைத் தேடும்.

கோப்பை எழுதிச் சேமித்த பிறகு மூன்று கட்டளைகள் வேண்டும், மூன்றும் வேறு வேறு வேலை செய்பவை. எல்லாமே சிஸ்டம்சிடிஎல் என்ற சொல்லில் தொடங்கும். டீமன்-ரீலோட் என்பது, கோப்பு மாறியிருக்கிறது, மறுபடி படி என்று சிஸ்டம்டியிடம் சொல்வது. ஸ்டார்ட் என்பது இப்போதே ஓடு என்பது. இனேபிள் என்பது அடுத்த முறை கணினி திறக்கும்போது ஓடு என்பது. ஸ்டார்ட் மட்டும் கொடுத்தால் இன்று ஓடும், நாளை கரண்ட் போய் வந்தால் ஓடாது. இனேபிள் மட்டும் கொடுத்தால் இன்று ஓடாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய, இனேபிள் என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு கோடுகளிட்டு நௌ என்று சேர்க்கலாம். சேவையின் நிலையைப் பார்க்க ஸ்டேட்டஸ். அது என்னென்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று பார்க்க ஜர்னல்சிடிஎல். கோளாறு என்று வந்தால் எதையும் மாற்றும் முன் இந்த இரண்டையும் படிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வளர்த்துக்கொள்ளுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

நிரல் நடுவில் செத்துவிட்டால்? ரீஸ்டார்ட் என்ற வரியில் ஆன்-ஃபெயிலியர் என்று எழுதினால், தவறாக முடிந்த நிரலை சிஸ்டம்டியே மறுபடி எழுப்பும். கூடவே ரீஸ்டார்ட்செக் என்ற வரியில் 10 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் இடைவெளி 100 மில்லிவினாடிதான். எழுந்தவுடன் சாகும் நிரல் கண் இமைக்கும் நேரத்தில் ஐந்து முறை செத்து எழும். 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் எழுப்ப வேண்டியிருந்தால் சிஸ்டம்டி இயல்பாகவே கைவிட்டுவிடும். பத்து வினாடி இடைவெளி கொடுத்தால் அந்த வரம்பைத் தொடாமல் பொறுமையாக முயன்றுகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் எழுதிவைத்து, கணினியை இரண்டு முறை அணைத்துத் திறந்து பார்த்து, நிம்மதியாகப் பஸ் ஏறினேன். ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு நடந்ததுதான் நான் உண்மையில் சொல்ல விரும்புவது.

மடிக்கணினியின் உள் டிஸ்க் பழையது என்பதால், கணக்கை வெளியிலிருந்து செருகும் ஒரு யூஎஸ்பி டிஸ்க்குக்கு மாற்றினேன். அந்த டிஸ்க்கைக் கணக்கு என்ற கோப்புறையில் பொருத்தும்படி, எந்த டிஸ்க் எங்கே பொருந்த வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். டிஸ்க் செருகப்படாத நாளிலும் கணினி திறக்க வேண்டுமே என்று அதில் நோஃபெயில் என்ற சொல்லையும் எழுதினேன். ஒரு நாள் காலை மாமா ஃபோன் செய்தார். பக்கம் திறக்கிறது, ஆனால் உள்ளே ஒரு பெயர்கூட இல்லை. அத்தனை பேருடைய பாக்கியும் போய்விட்டது என்று அவர் சொன்னபோது குரல் தளர்ந்திருந்தது. கடைக்கு வந்தவர்களை அனுப்ப முடியாமல் அந்த வெற்றுக் கணக்கிலேயே புதிய பற்றுகளை எழுதிக்கொண்டும் இருந்தார். மதியம் நான் போய்ச் சேர்ந்து சேவையை நிறுத்தித் தொடங்கினேன். பழைய கணக்கு முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் அன்று காலை எழுதிய பற்றுகள் ஒன்றுகூட இல்லை.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க மாலை வரை ஆனது. நோஃபெயில் என்று எழுதினால் கணினி அந்த டிஸ்க்குக்காகக் காத்திருக்காது. அன்று டிஸ்க் தயாராகச் சற்றுத் தாமதம். என் சேவை முந்திக்கொண்டது. டிஸ்க் பொருத்தப்படாதபோதும் கணக்கு என்ற கோப்புறை உள் டிஸ்க்கில் வெறும் கோப்புறையாக இருக்கத்தான் செய்கிறது. நிரல் அங்கே போய்க் கணக்குக் கோப்பைத் தேடியது. நான் பயன்படுத்திய எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள், கோப்பு இல்லையென்றால் புதிதாக ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிக்கொள்ளும். சில வினாடிகளில் டிஸ்க் வந்து அதே கோப்புறையின் மேல் பொருந்தியது. கீழே இருந்த வெற்றுக் கோப்பு கண்ணுக்கு மறைந்தது. ஆனால் நிரல் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. மாமா எழுதிய ஒவ்வொரு மூட்டையும் அந்த மறைந்த கோப்புக்குள் போனது. சேவையை நிறுத்தி டிஸ்க்கைக் கழற்றியபோது அந்தக் கோப்பு வெளியே தெரிந்தது. காலைப் பற்றுகளை அதிலிருந்து எடுத்துச் சேர்த்துவிட்டோம். எதுவும் இழக்கவில்லை.

இதைத் தடுக்க என் கோப்பில் ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது. ஆனால் அந்த வரியைப் புரிந்து எழுத, தேவை வேறு, வரிசை வேறு என்பது தெரிய வேண்டும்.

நடவை எடுத்துக்கொள்ளுங்கள். நடவுக்கு நாற்று வேண்டும், இது தேவை. நாற்றுப் பறித்து முடித்த பிறகே நடவு, இது வரிசை. நம் வாழ்க்கையில் முதலாவதைச் சொன்னாலே இரண்டாவதும் அடங்கிவிடும்; யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள். சிஸ்டம்டிக்கு அந்த அனுபவம் இல்லை. ரிக்வயர்ஸ் என்ற வரி தேவையை மட்டும் சொல்கிறது: நடவு நடக்குமென்றால் நாற்றுப் பறிப்பும் நடக்க வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். நாற்றங்காலில் முதல் நாற்று முடி கட்டும்போதே நடவாட்கள் வயலில் இறங்கி வெறுங்கையோடு நிற்பார்கள். ஆஃப்டர் என்ற வரி வரிசையை மட்டும் சொல்கிறது: இரண்டும் இன்று நடப்பதாக இருந்தால் நாற்றுக்குப் பிறகு நடவு. நாற்றுப் பறிப்பே இன்று இல்லையென்றால் அந்த வரி எதையும் தடுக்காது. நமக்கு வழக்கமாக வேண்டியது இரண்டும் சேர்ந்ததுதான், ஆகவே இரண்டையும் எழுத வேண்டும். வான்ட்ஸ் என்று ஒரு மென்மையான தேவையும் உண்டு. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வேலை நிற்காது என்ற இடத்தில் அதைப் பயன்படுத்தலாம்.

டிஸ்க்குக்கு மட்டும் இந்த இரண்டையும் ஒரே வரியில் சொல்ல ஒரு வழி இருக்கிறது: ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்று யூனிட் பகுதியில் எழுதி, கோப்புறையின் பாதையைக் கொடுப்பது. அந்தப் பாதைக்கு எந்த டிஸ்க் பொருந்த வேண்டுமோ அது தேவை, அது பொருந்திய பிறகே நான் என்று பொருள். டிஸ்க் வராவிட்டால் சேவை எழாது. தவறான இடத்தில் எழுதுவதைவிட எழாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

இன்னொரு பிழையும் என்னுடையதுதான். யூசர் என்ற வரியை நான் எழுதவே இல்லை. எழுதாவிட்டால் சேவை ரூட் என்ற முழு அதிகாரப் பெயரில் ஓடும். எந்தக் கோப்புறையிலும் எழுதும். கணக்குக்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்கி, டிஸ்க்கில் மட்டும் அவருக்கு எழுதும் உரிமை கொடுத்திருந்தால், அன்று வெறும் கோப்புறையில் எழுத முயன்றபோதே அனுமதி இல்லை என்று நிரல் நின்றிருக்கும். பாதுகாப்புக்கென்று சொல்லப்படும் இந்த ஒரு வரி, நம் கைப்பிழையிலிருந்தும் நம்மைக் காக்கும். இப்போது நான் எழுதும் எந்தச் சேவையிலும் அந்த வரி இருக்கிறது.

தேவையும் வரிசையும் சரியாக எழுதிய பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒரு சேவை தொடங்கிவிட்டது என்று சிஸ்டம்டி சொல்லும்போது அது எதைச் சொல்கிறது?

ஜூன் 12 அன்று மேட்டூரில் ஷட்டர் திறந்தால் எல்லாப் பத்திரிகைகளிலும் படம் வரும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாட்கள் ஆகும். அங்கிருந்து வெண்ணாற்றில் பிரிந்து, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, தலைஞாயிறு பக்கத்து வயலுக்குப் போகும்போது இன்னும் எத்தனையோ நாட்கள் ஆகியிருக்கும். திறந்தாயிற்று என்ற செய்தியும் வந்துவிட்டது என்ற செய்தியும் ஒன்றில்லை என்பதைக் கடைமடை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர் செய்தியைப் படித்துவிட்டு அன்றே நாற்றங்கால் விடுகிறவர் அங்கே இல்லை.

சேவைக் கோப்பில் டைப் என்ற வரி இதைத்தான் கேட்கிறது. ஒன்றும் எழுதாவிட்டால் அது சிம்பிள். நிரலைத் தட்டி எழுப்பியவுடனேயே தொடங்கியாயிற்று என்று சிஸ்டம்டி கணக்கு வைத்துக்கொள்ளும். அந்த நிரல் தன் கோப்புகளைத் திறந்து, பழைய பதிவுகளைப் படித்து, கேட்பவருக்குப் பதில் சொல்லத் தயாராக இன்னும் அரை நிமிடம் ஆகலாம். இதை நம்பி ஆஃப்டர் என்று எழுதிய அடுத்த சேவை அந்த அரை நிமிடத்தில் தவறிப்போகும். நோட்டிஃபை என்ற வகையில் நிரலே, நான் தயார் என்று ஒரு செய்தி அனுப்பும்வரை சிஸ்டம்டி காத்திருக்கும். அது தண்ணீர் வயலைத் தொட்ட பிறகு வரும் செய்தி. நிரலில் அதற்கென்று ஓரிரு வரிகள் சேர்க்க வேண்டும். பைத்தானில் அது கடினமில்லை. உங்கள் சேவையை வேறொரு சேவை நம்பியிருந்தால் அந்த உழைப்பைச் செய்துவிடுங்கள்.

வலையமைப்பிலும் இதே வேறுபாடு இரண்டு பெயர்களில் இருக்கிறது. நெட்வொர்க் டார்கெட் என்பது, வலையமைப்பைக் கவனிக்கும் மென்பொருள் எழுந்துவிட்டது என்பது மட்டுமே. வைஃபை இணைந்ததா என்று அதற்குத் தெரியாது. இணைப்பு உண்மையில் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமென்றால் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட் என்பதை ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டு வரிகளிலும் எழுத வேண்டும். முனையத்தில் ஓடுகிறது, கணினி திறக்கும்போது மட்டும் இணையம் இல்லை என்று சொல்லிச் சாகிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு பெயர்களில் எது எழுதியிருக்கிறது என்றுதான்.

மடிக்கணினி என்பதால் ஒரு சிறு விஷயம். மூடியைச் சாய்த்தால் கணினி உறங்கிவிடும், சேவையும் உறங்கும். கடையில் தூசி விழாமல் இருக்க மாமா மூடிவிடுவார். எட்ஸிக்குள் சிஸ்டம்டி கோப்புறையில் லாகின்டி என்ற அமைப்புக் கோப்பில், ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்ற வரியை இக்னோர் என்று மாற்றி, கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்தால் மூடிய பிறகும் ஓடும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இயங்குதளத்தோடு வந்த ஒரு சேவையை மாற்ற விரும்பினால் அதன் மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் உங்கள் மாற்றம் அழிந்துவிடும். சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று தட்டி, சேவையின் பெயரைக் கொடுத்தால் ஒரு தனிக் கோப்பு திறக்கும். மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் அதில் எழுதினால் அவை மூலத்தின் மேல் படியும். எக்ஸெக்ஸ்டார்ட் வரியை மாற்றும்போது மட்டும், முதலில் அதை வெறுமையாக ஒருமுறை எழுதிப் பழையதை அழித்துவிட்டு, அடுத்த வரியில் புதியதைக் கொடுக்க வேண்டும். மூலக்கோப்புகளை மாற்ற வேண்டாம் என்றேனே தவிர, படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அச்சு இயந்திரச் சேவையை, கடிகாரச் சேவையைத் திறந்து படியுங்கள். சிஸ்டம்சிடிஎல் கேட் என்று தட்டிப் பெயரைக் கொடுத்தால் முனையத்திலேயே காட்டும். கட்டற்ற மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தேர்ந்தவர்கள் எழுதியது கண்முன் திறந்து கிடக்கிறது. நான் கற்றதில் பெரும்பகுதி அப்படிப் படித்துக் கற்றது.

இரவு ஒன்பது மணிக்குக் கணக்கை நகலெடுக்க, குறித்த நேரத்தில் ஒரு சேவையை எழுப்பும் டைமர் ஒன்றும் எழுதியிருக்கிறேன். சேவைக் கோப்பைப் போலவே அதுவும் ஒரு கோப்பு. ஆன்கேலண்டர் என்ற வரியில் நேரம். சில நாட்கள் மாமா எட்டரைக்கே கணினியை அணைத்துவிடுவார் என்பதால் பெர்சிஸ்டன்ட் என்ற வரியில் ட்ரூ என்று கொடுத்தேன். தவறிய நேரத்தை அது நினைவில் வைத்து, மறுநாள் கணினி திறந்ததும் நகலெடுத்துவிடுகிறது.

எல்லா வரிகளையும் திருத்திய பிறகு, கடைசியாக மாமா முன்னாலேயே டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். கணினி வழக்கம்போல் எழுந்தது. சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 வினாடி காத்திருந்து, சார்ந்திருப்பது கிடைக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, சேவையை எழுப்பாமல் விட்டது. ஃபோனில் பக்கம் திறக்கவில்லை. டிஸ்க்கைச் செருகி ஸ்டார்ட் கொடுத்ததும் டிஸ்க்கையும் தானே பொருத்திக்கொண்டு, பழைய கணக்கோடு திறந்தது. மாமா ஓர் அட்டையை எடுத்து, பக்கம் வரவில்லையென்றால் டிஸ்க் ஒயரைப் பார், செருகிவிட்டுக் கணினியை அணைத்துத் திற என்று பெரிய எழுத்தில் எழுதி, கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டினார்.